நாளைக்கு அண்ணன்

எங்கள் லாரிக்கு வயரிங் வேலை பார்க்கிற அண்ணனுக்கு அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பட்டறைக்கு வழி காட்ட ஒரு ஆள் கிடைக்காது. டிரைவர்கள் எல்லோருக்கும் அவர் 'நாளைக்கு'. யார் வைத்த பெயரோ, வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். காலையில் போனாலும் மாலையில் போனாலும், ஒரு ஹாரன் அடிக்கவில்லை என்று போனாலும் மொத்த வயரிங்கும் கருகிவிட்டது என்று போனாலும், கையைத் துடைத்துக்கொண்டே வருவார், பானெட்டைத் தூக்குவார், உள்ளே ஒரு பார்வை பார்ப்பார், மூடிவிடுவார். "விட்டுட்டுப் போங்க. நாளைக்கு வாங்க." தலைகீழாக நின்றாலும் அந்த வார்த்தை மாறாது.

பட்டறை என்றால் ஒரு தகரக் கூரை. ஒரு பாதியில் அவர், மறு பாதியில் தையல் மெஷினோடு அண்ணி. நடுவில் சுவர் கிடையாது. அண்ணியின் நூல்கண்டு இந்தப் பக்கம் உருண்டு வந்தாலும் சண்டை, இவருடைய ஸ்க்ரூ அந்தப் பக்கம் உருண்டு போனாலும் சண்டை. பிரித்துப் போட்ட மோட்டார்களுக்கு மேலே கொடி கட்டி, தைத்து முடித்த பள்ளிச் சீருடைகள் தொங்கும். ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் அண்ணியிடமே புகார் சொன்னேன். அண்ணி ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு ஒரு லாரிதான். எனக்கு வாழ்க்கையே இப்படித்தான். கட்டிக்கிறீங்களான்னு எங்கப்பா கேட்டப்ப, நாளைக்குச் சொல்றேன்னாரு. பிள்ளைங்க பிறந்து காலேஜுக்கும் போயாச்சு. இன்னும் பதில் வரல."

அண்ணன் காதில் விழுந்தும் விழாத மாதிரி ஒரு மோட்டாரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஏன் இந்த நாளைக்கு என்று ஒரு தடவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வாங்க என்று கூப்பிட்டு, முந்தின நாள் சாயங்காலம் யாரோ விட்டுவிட்டுப் போயிருந்த வேனின் முன்னால் நிறுத்தினார். ராத்திரி முழுக்க நின்று கல்லாகக் குளிர்ந்திருந்த வண்டி. சாவியை நாலைந்து முறை திருப்பச் சொன்னார். பிறகு புறங்கையை நீட்டி, பேட்டரியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போனார். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்போமே, அப்படி. ஓர் இடத்தில் நின்றார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். இளஞ்சூடாக இருந்தது.

"கரண்ட் ஒழுங்கா போற இடம் சுடாது தங்கச்சி. போக வழி இல்லாம முட்டிக்கிற இடம்தான் சுடும். அங்கதான் கோளாறு. ஆனா வண்டி ஓடி வந்த சூட்டோட இருந்தா, எது என்ஜின் சூடு, எது கோளாறு சூடுன்னு என் கைக்கு எப்படித் தெரியும்? ஆறணும். அதுக்குத்தான் நாளைக்கு."

"மீட்டர் இருக்குல்லண்ணே? அதை வச்சுப் பாக்கலாம்ல?"

மீட்டர் இருந்தது. அண்ணி வெட்டி வைத்த துணி காற்றில் பறக்காமலிருக்க அதைத்தான் மேலே வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு காரணம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, எரிச்சல் மட்டும் போகவில்லை. லாரி நின்றால் அன்றைக்கு எங்களுக்குப் பிழைப்பு நின்றது. என் வீட்டுக்காரர் ஓட்டுவார். லோடு பேசுவது, தார்ப்பாய் கட்டுவது, டயருக்குக் கட்டை போடுவது, வழியில் சண்டை போடுவது எல்லாம் நான். வண்டியோ பழைய காலத்து மூக்கு நீண்ட டீசல் வண்டி. நான் அதைச் 'சித்தப்பா' என்றுதான் சொல்வேன். என் சொந்தச் சித்தப்பாவைப் போலவே காலையில் எழுந்ததும் இருமும், புகை விடும், ஊரைக் கூட்டும். கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை வாய் ஓயாது.

இந்தச் சித்தப்பாவுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு நல்ல காலம் வந்தது. முட்டையிலிருந்து குஞ்சு பொரித்துப் பண்ணைகளுக்கு அனுப்புகிற ஹேச்சரி ஒன்றில், குஞ்சு ஏற்றிப் போக எங்களைக் கூப்பிட்டார்கள். வாரம் தவறாமல் வருகிற லோடு. செங்கல்லும் பழைய இரும்பும் ஏற்றி இடுப்பொடிந்த எங்களுக்கு அது லேசான லோடு, கௌரவமான லோடு. ஆனால் வண்டியைப் பார்த்த மேனேஜர் முகத்தைச் சுளித்தார். "வழியில நின்னா குஞ்சு செத்துரும். பாத்துக்கங்க. ஒரு பண்ணையிலேர்ந்து புகார் வந்தாலும் வேற வண்டி பாத்துக்குவோம்" என்றார்.

அதனால்தான் லோடு ஆரம்பிக்குமுன் சித்தப்பாவை அண்ணனிடம் விட்டோம். அண்ணன் பழைய வயரையெல்லாம் உருவிப் போட்டுப் புது வயர் இழுத்தார். பேட்டரி உட்காரும் இடமும் அதை ஒட்டின சட்டமும் துருப்பிடித்திருந்ததைப் பார்த்து, தேய்த்து, நீல பெயிண்டும் அடித்துவிட்டார். நாங்கள் கேட்கவே இல்லை. அவராகச் செய்தது. பிறகு வழக்கம்போல நாளைக்கு என்றார். என் வீட்டுக்காரர் விடவில்லை. "அண்ணே, காலையில முதல் லோடு. இன்னைக்கே வேணும்" என்று பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். போவார், வருவார், கெஞ்சுவார், மணி பார்ப்பார். கடைசியில் அதிசயம் நடந்தது. பொழுது சாயும் முன்னால் அண்ணன் சாவியை நீட்டினார், விரலெல்லாம் நீலமாக. நாங்கள் அறிந்து அவர் அன்றைக்கே முடித்துக் கொடுத்த ஒரே வேலை அதுதான். அண்ணி தையலை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார், மழை வருகிறதா என்று.

அப்புறம் சித்தப்பா ஓடினார். நன்றாகவே ஓடினார். அந்த மத்தியானம் வரை.

வெயில் மண்டையைப் பிளந்த நாள். பின்னால் அடுக்கடுக்காக அட்டைப் பெட்டிகள், பெட்டி நிறைய, பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகள். ஓடும்போது இரண்டு பக்கத்துத் தார்ப்பாயையும் சுருட்டி விட்டிருப்போம், காற்று உள்ளே போய் வெளியே வரும். நின்றால் காற்றும் நிற்கும். அதனால் நாங்கள் வழியில் எங்கேயும் நிறுத்துவதில்லை. ஆனால் பின் டயர் ஒன்று காற்று இறங்கியதற்கு என்ன செய்வது? சாலையோரம் ஒரு டயர் கடை இருந்தது. கடைக்கு முன்னால் இடம் சரிவாக இறங்கி ஒரு குட்டைச் சுவரில் முட்டி நின்றது. என் வீட்டுக்காரர் வண்டியை அந்தப் பள்ளத்தில் இறக்கி, மூக்கு சுவரைத் தொடாத குறையாக நிறுத்தி, என்ஜினை அணைத்தார். டயர்க்காரர் கெட்டிக்காரர். சட்டென்று பஞ்சர் ஒட்டிவிட்டார்.

ஏறிச் சாவியைத் திருப்பினால், 'டக்'.

அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. செல்ஃப் என்பது சாவியைத் திருப்பியதும் என்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிடுகிற மோட்டார். அது சுற்றினால்தானே மற்றதெல்லாம்? மறுபடி திருப்பினார். மறுபடி ஒரு 'டக்'. தள்ளிக் கிளப்பலாம் என்றால் முன்னால் சுவர், பின்னால் ஏற்றம். சித்தப்பாவே தேடிப் போய் விழுந்த குழி.

ஒரு வண்டி நின்றுவிட்டால் எங்கிருந்துதான் இத்தனை வைத்தியர்கள் முளைப்பார்களோ! பேட்டரி படுத்துடுச்சு என்றார் ஒருவர். டீசலில் காற்று புகுந்துவிட்டது என்றார் இன்னொருவர். சுற்றவே சுற்றாத என்ஜினுக்கு டீசலில் காற்று இருந்தால் என்ன, புயலே இருந்தால்தான் என்ன? அவ்வழியே போன லாரிக்காரர் ஒருவர் நல்ல மனுஷன். நிறுத்தி, தன் பேட்டரியிலிருந்து எங்கள் பேட்டரிக்கு வயர் கொடுத்துப் பார்த்தார். அதே 'டக்'. டயர்க்காரர் உள்ளே புகுந்து செல்ஃபைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். அதற்கும் மசியவில்லை.

பின்னால் குஞ்சுகளின் சத்தம் மாறிவிட்டது. ஓடும்போது கீச்சுக்கீச்சென்று ஒரே சீராக இருக்கும். இப்போது உச்சத்துக்குப் போய், கூச்சலாக. நான் மேல் பெட்டி ஒன்றின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

என் வீட்டுக்காரர் அண்ணனுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகலண்ணே."

"ஸ்டார்ட் ஆகலன்னா? சுத்துது, பிடிக்கலையா? இல்ல சுத்தவே இல்லையா? அதச் சொல்லுங்க முதல்ல."

"சுத்தவே இல்ல. டக்குன்னு ஒரு சத்தம், அதோட சரி."

"ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்க. லைட் மங்குதா பாருங்க."

பார்த்தேன். பளிச்சென்று எரிந்த விளக்கு சாவியைத் திருப்பினாலும் அப்படியே பளிச்சென்று எரிந்தது. சொன்னேன்.

"அப்ப பேட்டரி நல்லா இருக்கு. செல்ஃபுக்குத்தான் போய்ச் சேரல. எங்கயோ முட்டுது. சரி, ஆறட்டும். அங்கயே நிறுத்திட்டு வாங்க, நாளைக்கு..."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் அவரே கேட்டார்: "பின்னாடி என்னமோ கத்துதே, என்ன அது?"

"குஞ்சுண்ணே. கோழிக்குஞ்சு. வண்டி நெறைய."

போனில் தையல் மெஷின் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"இதுங்களுக்கு எப்படி நாளைக்குன்னு சொல்றது?" என்றார், என்னிடமா அண்ணியிடமா தெரியவில்லை. "பெட்டிய எல்லாம் நிழலுக்கு இறக்குங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க. விசிறுங்க. வந்துட்டேன்."

அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் தெரியாத எத்தனையோ பேருக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. டயர்க்காரர் தன் கடைக்குள்ளிருந்த டயரையெல்லாம் வெயிலில் உருட்டிப் போட்டுவிட்டு, நிழலைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார். காற்றடிக்கிற மெஷினின் குழாயை எடுத்து, தள்ளி நின்று மெல்லக் காற்று விட்டார். லாரிக்காரர் தன் லோடை மறந்து பெட்டி இறக்கினார். பக்கத்து வீடுகளிலிருந்து வந்த பெண்கள் தட்டு, முறம், பழைய காலண்டர் என்று கையில் கிடைத்ததை எடுத்து விசிறினார்கள். ஓர் அம்மா விசிறிக்கொண்டே என்னைத் திட்டினார், இப்படியா வெயிலில் பச்சைப்பிள்ளைகளைக் கொண்டுபோவது என்று. அவர் விசிறுவதை நிறுத்தாமல் இருந்தால் போதும், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும்.

அண்ணன் வந்தார். அந்த ஓட்டை மொபெட்டில் அவ்வளவு வேகம் போக முடியும் என்று அந்த மொபெட்டுக்கே தெரிந்திருக்காது. இரண்டு முனையிலும் கவ்வி வைத்த தடித்த ஜம்பர் வயரைச் சுருட்டித் தோளில் மாட்டியிருந்தார். இறங்கியதும் பெட்டிகளைப் பார்த்தார், பிறகு பானெட்டைத் தூக்கினார். புறங்கையை நீட்டினார். உடனே இழுத்துக்கொண்டார்.

அடுப்பு மாதிரிக் கொதித்தது என்ஜின். அதன் மேல் வெயில் வேறு. பேட்டரி முனை சுட்டது, செல்ஃப் சுட்டது, சட்டம் சுட்டது, சுடாத இடமே இல்லை. அவர் ஒவ்வொன்றாகத் தொட்டார், தலையை ஆட்டினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"எல்லாமே சுடுது தங்கச்சி. இன்னைக்கு என் கை குருடு" என்றார்.

ஆனாலும் விடவில்லை. என்னை உள்ளே உட்கார வைத்து, சொல்லும்போதெல்லாம் சாவியைத் திருப்பச் சொன்னார். அவரும் என் வீட்டுக்காரரும் என்ஜினுக்குள் தலையைக் கொடுத்திருந்தார்கள். "திருப்புங்க." 'டக்'. "விடுங்க. திருப்புங்க." 'டக்'. இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, கை வலிக்கிறதே என்று டேஷ்போர்டுக்குக் கீழே பிடித்து ஊன்றினேன். சுரீரென்றது. நான் போட்ட சத்தத்தில் குஞ்சுகளே ஒரு நொடி அடங்கியிருக்கும்.

"எழவெடுத்த வண்டி! இருக்கிற கொதிப்பு போதாதுன்னு இது வேற சுடுது!"

அண்ணன் பானெட்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "எது சுடுது?"

"இதுதான். என்ஜினை நிறுத்த இழுப்போமே, அந்தக் கம்பி. வெயில்ல சூடாயிருக்கும், விடுங்க."

"உள்ள ஏதும்மா வெயில்?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த இடம் முழு நிழல். டேஷ்போர்டில் கை வைத்தால் சுடவில்லை, ஸ்டீரிங் சுடவில்லை, சாவி சுடவில்லை. அந்த ஸ்டாப் கம்பி மட்டும் தொட முடியாமல் கொதித்தது.

அண்ணன் ஓடி வந்து புறங்கையை வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தொலைந்த பிள்ளையைக் கூட்டத்தில் கண்டுபிடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். "வழி கிடைக்காம இதுல பூந்து வருது" என்றார். எங்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் அவசர அவசரமாக விளக்கினார். "செல்ஃபுக்குக் கரண்ட் போனா மட்டும் பத்தாது, திரும்பி பேட்டரிக்கு வரணும். என்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவுல எர்த் பட்டைன்னு ஒண்ணு இருக்கு, அதுதான் திரும்பி வர்ற வழி. அந்த வழி அடைச்சிருக்கு. அதனால என்ஜின்லேர்ந்து கேபினுக்கு வர்ற இந்தக் கம்பி வழியா ஓடி வரப் பாக்குது. இந்த ஒல்லிக் கம்பி என்ன தாங்கும்? அதான் சுடுது."

பையிலிருந்து ஒரு சின்ன பல்பை எடுத்தார். அதில் இரண்டு வயர். ஒன்றை என்ஜினில் வைத்தார், மற்றதைப் பேட்டரியின் எர்த் முனையில் வைத்தார். "ரெண்டும் எர்த்துதான். நடுவுல பல்பு எரியவே கூடாது. எரிஞ்சா வழி அடைச்சிருக்குன்னு அர்த்தம். திருப்புங்க." திருப்பினேன். பட்டப்பகலில் அந்தப் பல்பு அழகாக எரிந்தது.

பிறகு நடந்தது கண் இமைக்கும் நேரம். ஜம்பர் வயரின் ஒரு முனையைப் பேட்டரியின் அதே எர்த் முனையில் கவ்வ வைத்தார், மறு முனையை நேராக என்ஜினில் கவ்வ வைத்தார். "இப்ப." சாவியைத் திருப்பினேன். சித்தப்பா ஒரு முறை முனகினார், உடம்பை உலுக்கினார், இருமினார், கரும்புகையைத் துப்பிக்கொண்டு எழுந்துவிட்டார். விசிறிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கைதட்டினார்கள். நான் ஸ்டீரிங்கில் தலை வைத்து அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை, நன்றாகவே அழுதேன்.

என்ஜின் ஓட ஓடவே பெட்டிகளை ஏற்றினோம். அண்ணன் அந்த வயரை ஃபேனில் சிக்காமல் இழுத்துக் கட்டினார். "நானும் வர்றேன். வழியில ஆஃப் ஆச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று சொல்லி, மொபெட்டை டயர்க்காரரிடம் விட்டுவிட்டு எங்களுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் புறங்கையை அந்த ஸ்டாப் கம்பியில் வைத்தபடியே வந்தார். கம்பி ஆறிக்கொண்டே வந்தது. ஆனால் அண்ணன் பேச்சே இல்லை. என் வீட்டுக்காரர் புகழ்ந்தார், நான் புகழ்ந்தேன், தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார், அவ்வளவுதான். களைப்பு என்று நினைத்தேன்.

பண்ணை நடத்துகிற அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். கறாரான ஆள். தாமதம் ஏன் என்று கேட்கவில்லை. நேராகப் பெட்டிகளிடம் போனார். கொட்டகைக்குள் தண்ணீரும் தீனியும் தயாராக இருந்தன. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து விட்டதும் குஞ்சுகள் மஞ்சளாகக் கொட்டிப் பரவின, தண்ணீரை நோக்கி ஓடின, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குடித்தன. எனக்கு உச்சி குளிர்ந்தது. கிட்டத்தட்ட எல்லாமே பிழைத்துவிட்டன.

கிட்டத்தட்ட. அடிப்பெட்டிகளில் சில குஞ்சுகள் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா அவற்றைத் தனியாக எடுத்து ஒரு அட்டையில் வைத்தார். அண்ணன் குனிந்து, ஒரு குஞ்சின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"ஆறிடுச்சு" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த அம்மா போனைக் கையில் எடுத்தார். "உங்க மேல எனக்குக் கோபமில்ல. ஆனா ஹேச்சரில சொல்லித்தான் ஆகணும். இந்த மாதிரி பழைய வண்டியில எல்லாம் உயிரை ஏத்தி அனுப்பக் கூடாது. அடுத்த தடவை பிழைக்கும்னு என்ன நிச்சயம்?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் என் வாயைக் கட்டிப்போட்டது. சண்டைக்கு அஞ்சாதவள் நான்; ஆனால் நியாயத்தோடு எப்படிச் சண்டை போடுவது? என் வீட்டுக்காரர் தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். வாரம் தவறாத லோடு எங்கள் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

அப்போது வெளியிலிருந்து ஸ்பேனர் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் உள்ளே வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ், மண். ஒரு கையில் தட்டையாகப் பின்னின செம்புப் பட்டை. மற்றக் கையைத் திறந்து அந்த அம்மாவின் முன்னால் நீட்டினார். உள்ளங்கையில் உதிர்ந்த பெயிண்ட் துணுக்குகள். நீலம்.

"அம்மா, போன் பண்றதுக்கு முன்னாடி இதப் பாத்துருங்க. வண்டி மேல தப்பில்ல. ஓட்டின இவங்க மேலயும் தப்பில்ல. இந்தப் பட்டை வெறும் இரும்பு மேல உக்காரணும். பெயிண்ட் மேல உக்காந்தா கரண்ட் வராது. இத்தனை நாள் போல்ட் மரை வழியா ஏதோ கொஞ்சம் வந்து ஓடியிருக்கு, இன்னைக்கு அதுவும் விட்டுப்போச்சு. பெயிண்ட் அடிச்சது நான். காயட்டும், நாளைக்கு அந்த இடத்தை மட்டும் சுரண்டிட்டு மாட்டலாம்னு இருந்தேன். அப்புறம் சுரண்டாம மாட்டிட்டேன். என் வேலைதான் இது."

யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் அது. வண்டிக்கு அடியிலேயே துடைத்துப் போட்டிருந்தால் உலகத்தில் ஒரு ஆளுக்குத் தெரிந்திருக்காது. நாங்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்போம்.

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "இல்லண்ணே, நான்தானே அன்னைக்கு வாசல்ல உக்காந்து உங்கள..."

"நீ கேட்டே மாப்ளே. செஞ்சது நான்."

அந்த அம்மா பெயிண்டைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், அட்டையில் கிடந்த குஞ்சுகளைப் பார்த்தார். பிறகு போன் பேசினார். வெயிலில் சில குஞ்சுகள் போய்விட்டன, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள் போலிருக்கிறது. "இல்ல, வண்டி மாத்த வேண்டாம்" என்றார் இவர். "இதே வண்டி வரட்டும்." போனை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்து, "தப்பு பண்ணா மறைக்காம சொல்ற ஆள் பாக்குற வண்டி. அடுத்த வண்டியில என்ன மறைச்சிருக்காங்கன்னு நான் எங்க போய்த் தேடுறது?" என்றார்.

எனக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அண்ணன் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். "சரிண்ணே, சுரண்டி மாட்டுங்க. எப்ப முடியும்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பயந்து பயந்துதான் சொன்னார். "ஆறணும். சுரண்டி, பளபளன்னு ஆக்கி, பட்டைய மாட்டி, அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சு, அதுவும் காயணும்." நிறுத்தினார். "நாளைக்கு."

சிரிப்பை முதலில் விட்டது என் வீட்டுக்காரர். பிறகு நான். ஒன்றும் தெரியாத பண்ணைக்கார அம்மா, நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். அண்ணன் மட்டும் அசடு வழிய நின்றுகொண்டிருந்தார். சித்தப்பாவைப் பண்ணையிலேயே விட்டுவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

ஜன்னலோரம் அண்ணன் உட்கார்ந்தார். நகத்திடுக்கில் இருந்த நீலத்தைக் குச்சியால் நோண்டிக்கொண்டே வந்தார். டயர் கடை நிறுத்தம் வரப்போகிறது, மொபெட்டை எடுக்க அவர் இறங்கிவிடுவார். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"அண்ணே, ரொம்ப நன்றிண்ணே."

"தப்பே என்னுதுன்னு ஆயிடுச்சு. இன்னும் என்ன நன்றி?"

"வண்டியக் கிளப்பினதுக்கு இல்லண்ணே. அந்தம்மாகிட்ட வந்து சொன்னீங்களே, அதுக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிறுத்தம் வந்ததும் எழுந்து, படியில் கால் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அத நாளைக்குச் சொல்லுங்க தங்கச்சி. இன்னைக்குத் தாங்காது."

மறுநாள் காலையில், அண்ணன் பானெட்டைத் தூக்குவதற்கு முன்னால், பண்ணை வாசலில் வைத்து முதல் வேலையாகச் சொன்னேன்.